உட்சரம் (தரவுத்தள வினவல்)

உட்சரம் என்பது ஓர் எழுத்துச்சரத்தினுள் இடைவெளியின்றித் தொடர்ந்து அமைந்த ஒரு பகுதியாகும். "மயிலாப்பூர்" என்னும் சரத்தில் "மயில்" என்பது உட்சரம் அன்று; "மயிலா" என்பது உட்சரம் ஆகும். தரவுத்தள வினவல்களில் உட்சரம் தொடர்பாக இரண்டு பணிகள் உள்ளன. ஒரு சரத்தினுள் குறிப்பிட்ட பகுதி உள்ளதா, உள்ளதெனில் எந்த இடத்தில் உள்ளது என்று காண்பது கண்டறிதல் ஆகும். இடமும் நீளமும் தந்து அப்பகுதியை வெட்டி எடுப்பது பிரித்தெடுத்தல் ஆகும்.

முகவரியிலிருந்து அஞ்சல் குறியீட்டு எண்ணை எடுத்தல், தந்தை பெயரிலிருந்து தலைப்பெழுத்தை உருவாக்குதல், நூற்பட்டியலில் ஒரு சொல் வரும் தலைப்புகளைத் தேடுதல் போன்றவை இவ்விரு பணிகளாலும் செய்யப்படுகின்றன. ஆங்கிலத் தரவுக்கு எழுதப்பட்ட வினவல்கள் தமிழ்த் தரவில் பெரும்பாலும் பிழை எதையும் அறிவிக்காமலேயே தவறான விடையைத் தரக்கூடும். தரவுத்தளம் எண்ணும் அலகும் தமிழ் எழுத்தும் ஒன்றல்ல என்பதே இதற்குக் காரணமாகும்.

அடிப்படைச் செயற்கூறுகள்

தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லில் பயன்படும் செயற்கூறுகளின் பெயர்கள் இங்கு ஒலிப்பின்படி தமிழ் எழுத்துகளில் தரப்படுகின்றன. இவற்றுள் லைக் 1986ஆம் ஆண்டின் முதல் சீர்தரத்திலேயே இருந்தது. சப்ஸ்ட்ரிங், பொசிஷன், டிரிம் ஆகியன 1992ஆம் ஆண்டுச் சீர்தரத்தில் சேர்க்கப்பட்டன.

* லைக்: ஒரு சரம் தரப்பட்ட வடிவத்துடன் பொருந்துகிறதா எனக் காணும். விழுக்காட்டுக் குறி (%) எத்தனை அலகுகளையும் குறிக்கும். அடிக்கோடு (_) ஒரே ஓர் அலகைக் குறிக்கும்.
* பொசிஷன்: உட்சரம் தொடங்கும் இடத்தின் எண்ணைத் தரும். உட்சரம் இல்லையெனில் 0 தரும். ஆரக்கிளில் இன்ஸ்டர், மைஎஸ்கியூஎல்லில் லொகேட், எஸ்கியூஎல் சர்வரில் சார்இண்டெக்ஸ் ஆகியன இதே பணியைச் செய்கின்றன.
* சப்ஸ்ட்ரிங்: தொடக்க இடம், நீளம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு பகுதியை எடுத்துத் தரும். ஆரக்கிளில் இதன் பெயர் சப்ஸ்டர்.
* லெஃப்ட், ரைட்: முறையே சரத்தின் தொடக்கத்திலிருந்தும் முடிவிலிருந்தும் கேட்ட அளவு எடுத்துத் தரும்.

பல நிரல்மொழிகளில் சரத்தின் முதல் இடம் 0 ஆகும்; எஸ்கியூஎல்லில் அது 1 ஆகும். எனவே 0 என்னும் விடை "காணப்படவில்லை" என்ற பொருளை மட்டுமே தரும்.

காணப்படாத நிலையைக் கவனிக்காமல் விட்டால் பிரித்தெடுத்தல் தவறும். காற்புள்ளிக்கு முன் உள்ள பகுதியை எடுக்க, காற்புள்ளியின் இடத்திலிருந்து 1 கழித்து நீளமாகத் தருவது வழக்கம். காற்புள்ளியே இல்லாத வரிசையில் அந்நீளம் -1 ஆகிவிடும். எஸ்கியூஎல் சர்வரும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் இந்நிலையில் பிழை அறிவித்து வினவலை நிறுத்தும். மைஎஸ்கியூஎல் வெற்றுச்சரத்தைத் தந்து மேலே செல்லும்.

எடுத்துக்காட்டு: சென்னை முகவரிகள்

தென்சென்னையிலும் நடுச்சென்னையிலும் உள்ள ஐந்து நிறுவனங்களின் முகவரிகள் ஓர் அட்டவணையில் உள்ளன எனக் கொள்வோம். ஒரே நகரத்து முகவரியை வெவ்வேறு ஆட்கள் உள்ளிடும்போது வடிவம் மாறுவது இயல்பாகும்.

1. அடையாறு நூலகம், அடையாறு, சென்னை 600 020
2. உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம், பெசன்ட் நகர், சென்னை 600090
3. அண்ணா நூற்றாண்டு நூலகம், கோட்டூர்புரம், சென்னை - 600085
4. தட்சிண பாரத இந்தி பிரசார சபா, தியாகராய நகர், சென்னை-600017
5. இரானடே நூலகம், மயிலாப்பூர், சென்னை - 4

இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகத்து 15 அன்று நடைமுறைக்கு வந்தது. 600 என்னும் முதல் மூன்று இலக்கங்கள் சென்னையையும், எஞ்சிய மூன்று இலக்கங்கள் அஞ்சல் நிலையத்தையும் குறிக்கின்றன. மயிலாப்பூருக்கு 600004, தியாகராய நகருக்கு 600017, அடையாறுக்கு 600020 என்பன எண்களாகும். ஆறு இலக்க எண் வந்த பின்னரும் "சென்னை - 4", "சென்னை - 17" எனச் சுருக்கி எழுதும் வழக்கம் நகரில் தொடர்கிறது.

ரைட்(முகவரி, 6) என்னும் எளிய வினவல் 2, 3, 4 ஆகிய வரிசைகளுக்குச் சரியான எண்ணைத் தரும். முதல் வரிசையில் எண்ணின் நடுவே இடைவெளி உள்ளதால் "00 020" என்று வரும். ஐந்தாம் வரிசையில் "னை - 4" என்று வரும். இதனைப் பின்வரும் படிகளில் தீர்க்கலாம்.

* கடைசிக் காற்புள்ளிக்குப் பின் உள்ள பகுதியை மட்டும் எடுத்தல். மைஎஸ்கியூஎல்லில் சப்ஸ்ட்ரிங்_இண்டெக்ஸ்(முகவரி, ',', -1) இதனைச் செய்யும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் ஸ்பிளிட்_பார்ட் 2021இல் வெளிவந்த 14ஆம் பதிப்பிலிருந்து முடிவிலிருந்து எண்ணும் எதிரெண்ணை ஏற்கிறது. கதவு எண்ணிலோ கட்டிடப் பெயரிலோ 600 என்பது தற்செயலாக வந்தால் அது குறுக்கிடாதிருக்க இப்படி முதலில் செய்யப்படுகிறது.
* ரீப்ளேஸ் கொண்டு இடைவெளியையும் சிறுகோட்டையும் நீக்குதல். இப்போது "சென்னை600020", "சென்னை4" என்பன போன்ற சரங்கள் கிடைக்கும்.
* "சென்னை" என்னும் சொல்லுக்குப் பின் உள்ளதை எடுத்தல்.
* எஞ்சியது மூன்று இலக்கங்களுக்குக் குறைவாயின் முன்னே சுழியங்கள் சேர்த்து மூன்றாக்கி, அதன்முன் 600 சேர்த்தல்.

மூன்றாம் படியில்தான் தமிழுக்கே உரிய சிக்கல் தோன்றுகிறது. "சென்னை" என்பதில் செ, ன், னை என மூன்று எழுத்துகள் உள்ளன. ஆகவே மூன்று இடங்களைத் தாண்டி எடுத்தால் "4" வருமென நிரலர் எதிர்பார்ப்பார். வருவதோ "்னை4" என்பதாகும். தரவுத்தளத்தின் கணக்கில் "சென்னை" என்பதன் நீளம் 6 ஆகும். இத்தகைய இடங்களில் நீளத்தைக் கையால் எண்ணி எழுதாமல் கேரக்டர்_லெங்த்('சென்னை') என்று தரவுத்தளத்தையே எண்ணச் செய்வது பாதுகாப்பானது.

எழுத்து, குறியெண், பைட்டு

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றது. தமிழின் 247 எழுத்துகளுக்கும் அதில் தனித்தனி எண்கள் இல்லை. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே எண்கள் தரப்பட்டுள்ளன. "மு" என்பது ம, ு என்னும் இரண்டு குறியெண்களாகவும், "ம்" என்பது ம, புள்ளி என்னும் இரண்டு குறியெண்களாகவும் பதிகின்றன. இலக்கணத்தில் மெய்யே அடிப்படை; அதன்மேல் உயிர் ஏறும். ஒருங்குறியில் அகரமேறிய மெய்யே அடிப்படை. அகரத்தை நீக்கவே புள்ளி சேர்க்கப்படுகிறது.

யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டுகளைப் பெறும். ஆகவே ஒரே சொல்லுக்கு மூன்று நீளங்கள் உண்டு.

* அடையாறு: 4 எழுத்துகள், 7 குறியெண்கள், 21 பைட்டுகள்
* மந்தைவெளி: 5 எழுத்துகள், 9 குறியெண்கள், 27 பைட்டுகள்
* மயிலாப்பூர்: 6 எழுத்துகள், 11 குறியெண்கள், 33 பைட்டுகள்
* கோட்டூர்புரம்: 7 எழுத்துகள், 13 குறியெண்கள், 39 பைட்டுகள்

மைஎஸ்கியூஎல்லில் சார்_லெங்த் குறியெண்களையும், லெங்த் பைட்டுகளையும் எண்ணும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் லெங்த் குறியெண்களையும், ஆக்டெட்_லெங்த் பைட்டுகளையும் எண்ணும். ஆரக்கிளில் லெங்த், லெங்த்பி ஆகியன முறையே அவ்வாறு எண்ணும். தமிழ் எழுத்தை எண்ணும் செயற்கூறு இவற்றில் எதிலும் உள்ளமைந்ததாக இல்லை.

நெடுவரிசையின் அகலத்தை வரையறுக்கும்போதும் இவ்வேறுபாடு முதன்மையானது. ஆரக்கிளில் வார்சார்2(30) என்பது இயல்நிலையில் 30 பைட்டுகளையே குறிக்கும். அதில் ஆங்கிலத்தில் எட்டு எழுத்துகளால் எழுதப்படும் மயிலாப்பூர் எளிதில் அடங்கும், தமிழில் அடங்காது. எஸ்கியூஎல் சர்வரில் என்வார்சார் வகைக்குப் பதிலாக வழக்கமான வார்சார் வகையைப் பயன்படுத்தினால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகப் பதிந்துவிடும். 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் யூடிஎஃப்-8 ஒழுங்குமுறைகள் சேர்க்கப்பட்ட பின்னர், அவற்றைத் தேர்ந்தெடுத்தால் வார்சாரிலும் தமிழைச் சேமிக்கலாம்.

பிரித்தெடுத்தலில் எழும் பிழைகள்

தலைப்பெழுத்து

தியாகராய நகர் என்னும் பெயர் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் நினைவாக இடப்பட்டது. அது "தி. நகர்" எனச் சுருக்கப்படுகிறது. இச்சுருக்கத்தை வினவலால் உருவாக்க முயன்று சப்ஸ்ட்ரிங்('தியாகராய நகர்', 1, 1) எனக் கேட்டால் "த" மட்டுமே கிடைக்கும். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர் என்னும் பெயரிலிருந்து இம்முறையில் "உ. வ. ச." என்றே கிடைக்கும். உயிரெழுத்தில் தொடங்கும் முதற்சொல் மட்டும் தப்பிவிடுவதால், சில பெயர்களைக் கொண்டு சோதிப்பவருக்கு இப்பிழை புலப்படாமலும் போகலாம்.

ஆட்பெயர்களில் இதன் விளைவு பெரிது. தமிழ்நாட்டில் குடும்பப்பெயர் வழக்கம் குறைவு; ஒரே பெயருடைய இருவரைப் பிரித்துக் காட்டுவது தலைப்பெழுத்தேயாகும். முருகன் மகன் கண்ணன் "மு. கண்ணன்", மோகன் மகன் கண்ணன் "மோ. கண்ணன்". மேற்கூறிய வினவல் இருவரையும் "ம. கண்ணன்" ஆக்கிவிடும். மாணிக்கம், மீனாட்சி, மைதிலி ஆகியோரின் பிள்ளைகளும் அதே "ம." என்பதில் வந்து சேர்வர். அரசு அலுவல்களிலும் கல்வி நிறுவன ஆவணங்களிலும் பெயரின் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் ஆணையிட்டது. ஆங்கிலப் பட்டியலுக்கு எழுதிய வினவலை அப்படியே தமிழ்ப் பட்டியலுக்குப் பயன்படுத்துவோர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் இதுவாகும்.

வெட்டுப்படுதல்

அச்சிடும் இடம் குறுகியதாக இருக்கும்போது பெயரின் முதல் சில அலகுகளை மட்டும் எடுப்பதுண்டு. லெஃப்ட்('மயிலாப்பூர்', 10) "மயிலாப்பூர" எனப் புள்ளியை இழந்து வரும். இத்தகைய பிழை கண்ணுக்குத் தெரியும். லெஃப்ட்('கோட்டூர்புரம்', 8) "கோட்டூர்" எனத் தரும். இது முழுமையான சொல். அதுமட்டுமன்றிக் கோட்டூர்புரத்தை அடுத்துள்ள வேறொரு பகுதியின் பெயருமாகும். இத்தகைய பிழையைச் சரிபார்ப்பவரும் கண்டுகொள்ள மாட்டார்.

பைட்டு அளவில் வெட்டினால் ஒரு குறியெண்ணின் மூன்று பைட்டுகளுக்கு நடுவிலேயே வெட்டு விழலாம். "அடையாறு" என்பதன் முதல் 20 பைட்டுகளை எடுத்தால் இறுதி உயிர்க்குறி சிதைந்து, செல்லாத பைட்டுத் தொடராகிவிடும்.

தீர்வு

உயிர்க்குறிகளும் புள்ளியும் ஒருங்குறியில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ா முதல் புள்ளி வரை பதின்ம எண்ணில் 3006 முதல் 3021 வரையாகும். இதனைக் கொண்டு எளிய விதியொன்றை அமைக்கலாம்: இரண்டாம் குறியெண் இவ்வெல்லைக்குள் இருந்தால் முதல் இரண்டையும் எடுக்கவேண்டும், இல்லையெனில் முதலாவதை மட்டும் எடுக்கவேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் யூனிகோட் என்னும் செயற்கூறு குறியெண்ணைத் தருவதால் இவ்விதியை ஒரு கேஸ் கூற்றில் எழுதிவிடலாம்.

சீர்கோவை வசதியுள்ள தரவுத்தளங்களில் '^[அ-ஹ][ா-்]?' என்னும் கோவை முதல் தமிழ் எழுத்தை முழுமையாகத் தரும். ஆரக்கிளிலும் மைஎஸ்கியூஎல் 8.0இலும் ரெஜெக்ஸ்ப்_சப்ஸ்டர், போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் சப்ஸ்ட்ரிங் ஆகியவற்றுடன் இதனைப் பயன்படுத்தலாம். எஸ்கியூஎல் சர்வரில் இவ்வசதி 2025ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது. சரத்திலிருந்து '[ா-்]' எல்லைக்குள் வருவனவற்றை எல்லாம் நீக்கிவிட்டு நீளம் கண்டால் எழுத்துகளின் எண்ணிக்கை கிடைக்கும். "மயிலாப்பூர்" என்பதன் 11 குறியெண்களில் ஐந்து நீங்கி ஆறு எஞ்சும்.

கண்டறிதலில் எழும் சிக்கல்கள்

வேற்றுமை உருபுகள்

லைக் '%மயிலாப்பூர்%' என்னும் தேடல் "மயிலாப்பூர் குளம்" என்பதைக் கண்டறியும். "மயிலாப்பூரில் ஒரு நாள்" என்பதைத் தவறவிடும். உருபு சேரும்போது "ர்" என்பதன் புள்ளி நீங்கி, அவ்விடத்தில் உயிர்க்குறி அமர்வதே காரணமாகும். இறுதிப் புள்ளியை விடுத்து '%மயிலாப்பூர%' எனத் தேடினால் மயிலாப்பூர், மயிலாப்பூரில், மயிலாப்பூருக்கு, மயிலாப்பூரின் அனைத்தும் கிடைக்கும்.

பிற ஈறுகளுக்கும் இவ்வாறே செய்யலாம். "அடையாறு" என்பது உருபேற்கும்போது "அடையாற்றில்" என ஆகலாம். '%அடையாற%' இரண்டையும் காணும். "மாம்பலம்", "மாம்பலத்தில்" எனத் திரிவதால் மகரமெய்யை முழுவதும் விட்டு '%மாம்பல%' எனத் தேடவேண்டும்.

பிரித்தெடுத்தலில் இடையூறாக இருந்த அதே அமைப்பு இங்கு உதவுகிறது என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறியெண் இருந்திருந்தால் ர், ரி, ரு ஆகியன தொடர்பற்ற மூன்று அலகுகளாகியிருக்கும். இத்தேடலை இவ்வளவு எளிதாக எழுத இயலாது. சுருங்கக் கூறின், வெட்டும்போது எழுத்தைக் கணக்கிற் கொள்ளவேண்டும். தேடும்போது குறியெண்ணைக் கணக்கிற் கொள்ளவேண்டும்.

மிகையான பொருத்தங்கள்

தேடுசரத்தை மேலும் சுருக்கினால் வேண்டாதனவும் வரும். "மயிலை" என்னும் வழக்கையும் சேர்த்துப் பிடிக்க 'மயில%' எனத் தேடினால் மயிலாடுதுறையும் வந்து சேரும். 'தி%நகர%' என்பது தியாகராய நகர், தி. நகர், தி.நகர் ஆகியவற்றுடன் திருவள்ளுவர் நகரையும் தரும், "டி. நகர்" என எழுதப்பட்டதைத் தராது. "அடையார்" என வல்லின றகரமின்றி எழுதப்பட்டது '%அடையாற%' என்பதில் சிக்காது. இவை எழுத்துச்சரச் சிக்கல்கள் அல்ல, பெயர் வழக்குச் சிக்கல்கள். ஊர்ப்பெயர்களுக்கு மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்றைத் தனியே வைத்து இணைப்பதே இதற்குத் தக்க வழியாகும்.

அடிக்கோடும் குறியெண்ணையே குறிக்கும். அகரத்தில் தொடங்கும் நான்கெழுத்து ஊர்ப்பெயர் என எண்ணி 'அ___' எனத் தேடினால் "அடையாறு" கிடைக்காது. அதற்கு ஆறு அடிக்கோடுகள் தேவை.

ஒன்றுபோல் தோன்றும் வேறு சரங்கள்

திரையில் ஒரே வடிவில் தோன்றும் இரு சரங்கள் தரவுத்தளத்தில் வேறாக இருக்கலாம்.

* "கோ" என்பதன் உயிர்க்குறி ஒரே குறியெண்ணாகவோ, ே, ா என இரு குறியெண்களாகவோ பதியலாம். ஒருங்குறி இவற்றை நிகரானவை என வரையறுக்கிறது. எனினும் தரவுத்தளம் தானாக அவற்றை ஒன்றாக்குவதில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 2020இல் வெளிவந்த 13ஆம் பதிப்பு முதல் நார்மலைஸ் என்னும் செயற்கூறு இயல்பாக்கத்தைச் செய்கிறது.
* "சௌந்தர்" என்பதில் ௌ குறிக்குப் பதிலாக, ெ குறியையும் ள என்னும் எழுத்தையும் சேர்த்துச் "செளந்தர்" எனத் தட்டச்சிடுவோர் பலர். இவை ஒருங்குறியில் நிகரானவை அல்ல, இயல்பாக்கத்தாலும் சரியாகா.
* "ஸ்ரீ" என்பதன் முதற்பகுதி ஸ ஆகவோ, 2005இல் ஒருங்குறி 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶ ஆகவோ இருக்கலாம்.
* இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டப்படும் உரையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறிகள் இருக்கலாம். டிரிம் இவற்றை நீக்குவதில்லை.

இவற்றைத் தேடும்போது சமாளிப்பதைவிட, தரவை உள்ளிடும்போதே ஒரே வடிவிற்கு மாற்றிச் சேமிப்பது எளிது.

முந்தைய குறியேற்றங்கள்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழுக்கு 8-பிட்டு எழுத்துருக் குறியேற்றங்கள் பல வழங்கின. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களைச் சீர்தரமாக ஏற்றது. இணையத் தமிழரிடையே திஸ்கி குறியேற்றம் பரவலாக இருந்தது. இவற்றில் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் அன்றிக் காணும் வரிசையில் சேமிக்கப்பட்டன. "கோட்டூர்" என்பதன் முதல் அலகு க அன்று. ே என்னும் கொம்பு ஆகும். அக்காலத் தரவிலிருந்து முதல் அலகைப் பிரித்தெடுத்தால் வெறும் கொம்பு மட்டுமே வரும். பழைய தரவுத்தளங்களை ஒருங்குறிக்கு மாற்றும்போது குறியெண்களை மாற்றுவதுடன் வரிசையையும் மாற்றவேண்டியுள்ளது.

2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், டேஸ்16 என்னும் 16-பிட்டு அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் சீர்தரங்களாக அறிவித்தது. டேஸ்16இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு தனி எண் உண்டு. எனவே சப்ஸ்ட்ரிங் முழு எழுத்தையே தரும். ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருப்பதால் பிற கணினிகளுடன் நேரடியாகத் தரவைப் பரிமாறிக்கொள்ள ஏற்றதன்று.

வேகம்

'மயிலாப்%' போன்று தொடக்கம் தெரிந்த தேடலுக்குத் தரவுத்தளம் சுட்டுவரிசையைப் பயன்படுத்த இயலும். '%நகர்' போன்று விழுக்காட்டுக் குறியில் தொடங்கும் தேடலுக்கு வழக்கமான சுட்டுவரிசை பயன்படாது. அட்டவணை முழுவதையும் படிக்க நேரிடும். வேர் பகுதியில் நெடுவரிசையின்மீது சப்ஸ்ட்ரிங்கை இயக்கினாலும் பெரும்பாலும் இதே நிலைதான். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் முக்குறிச் சுட்டுவரிசை 2011இல் வெளிவந்த 9.1 பதிப்பு முதல் இடைத்தேடலையும் விரைவாக்குகிறது.

அடிக்கடி தேவைப்படும் பகுதியை ஒவ்வொரு முறையும் வெட்டி எடுப்பதைவிட, அஞ்சல் எண், பகுதி, தலைப்பெழுத்து ஆகியவற்றைத் தனி நெடுவரிசைகளாகவே வைப்பது தரவுத்தள வடிவமைப்பில் பரிந்துரைக்கப்படும் முறையாகும். தலைப்பெழுத்தைப் பொறுத்தவரை உரியவரிடமே கேட்டுப் பதிவதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. தந்தை பெயருடன் ஊர்ப்பெயரையோ தாய் பெயரையோ சேர்த்து எழுதுவோர் உள்ளனர். அதனை எந்த வினவலாலும் ஊகிக்க இயலாது.

இவற்றையும் பார்க்க

* ஒருங்குறி
* தமிழ் எழுத்து முறை
* சீர்கோவை
* தமிழ் 99 விசைப்பலகை
* அஞ்சல் குறியீட்டு எண்